இடுப்பு வலிக்கு மேலே போவதா, கீழே போவதா?

கம்பம் பள்ளத்தாக்கில் வைத்தியத்துக்கு இரண்டு திசை. மேலே என்றால் மலையேறிக் குமுளி தாண்டிக் கேரளத்து எண்ணெய் வைத்தியம். கீழே என்றால் தேனி, மதுரை. ஸ்கேன், ஊசி, ஆபரேஷன். மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பு வலியோடு இருப்பவர்கள் பெரும்பாலும் இரு பக்கமும் ஒரு சுற்று போய் வந்திருப்பார்கள். "ஜவ்வு விலகியிருக்குன்னு சொல்லிட்டாங்க. எண்ணெய் போட்டுப் பார்க்கலாமா, பேசாம ஆபரேஷனே பண்ணிடலாமா?" என்று கேட்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. கம்பம், கூடலூர், போடி என்று எழுதினாலும் செங்கோட்டை, பொள்ளாச்சி, மார்த்தாண்டத்துக்காரர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

## முதலில் வலியை வகை பிரியுங்கள்

இதற்கு ஸ்கேன் தேவையில்லை. எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று ஒரு வாரம் கவனித்தாலே பாதி விளங்கிவிடும்.

குனிந்தால் கூடுகிற வலி. ஏலக்காய்ச் சரம் தூரடியில் தரையை ஒட்டிக் கிடக்கும். காய் எடுப்பவர் நாள் முழுக்கக் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் இருக்க வேண்டும். அங்கே வருவது பெரும்பாலும் இந்த வகை. உட்கார்ந்தால், இருமினால், தும்மினால் சுருக்கென்று இழுக்கும். எழுந்து நடந்தால் கொஞ்சம் தேவலாம். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பைத் தொட்டால் வலி பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கும், பாதம் மரத்துப்போகும்.

நிமிர்ந்தால் கூடுகிற வலி. திராட்சைப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து கை தூக்கி வேலை செய்பவர்களுக்கும், அறுபது தாண்டியவர்களுக்கும் அதிகம். நடக்க நடக்கக் கால் கனக்கும். ஒரு திண்ணையில் உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ விட்டுவிடும். அரை கிலோமீட்டர் நடக்க முடியாதவர் சைக்கிளில் ஐந்து கிலோமீட்டர் போவார். தண்டுவடம் போகிற குழாய் சுருங்கியிருப்பதன் அடையாளம் இது.

ஓய்வெடுத்தால் கூடுகிற வலி. நாற்பதைத் தாண்டாதவர், பின்னிரவில் வலியில் விழிப்பு, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, நடமாடினால் குறைவு. இது தேய்மானமல்ல, முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி நோய். எண்ணெயோ ஆபரேஷனோ இதை நிறுத்தாது. மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும். இதை 'ஜவ்வு' என்று நினைத்து வருடக்கணக்கில் அலைவது அடிக்கடி நடக்கிறது.

எப்படி இருந்தாலும் குறையாத வலி. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இருந்தால் முதுகெலும்புக் காசநோயை முதலில் சந்தேகிக்க வேண்டும். முன்பு புற்றுநோய் வந்தவர், வயதானவர் வழுக்கி விழுந்த பின் வந்த வலி, நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர், இவர்கள் எல்லோரும் மேலே போவதற்கு முன் கீழே போக வேண்டும்.

ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, இரண்டு காலும் பலமிழப்பது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனை. தேனி அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில் இருக்கிறது, குமுளிக்கு மேலே இருப்பவர்களுக்குக் கோட்டயம் மருத்துவக் கல்லூரி. நாளைக்குப் பார்க்கலாம் என்றால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வலியே இல்லாதவர்களின் முதுகைப் படமெடுத்த ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. அதனால் 'எல்-4, எல்-5 பல்ஜ்', அதாவது கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே ஜவ்வுப் பிதுக்கம், என்ற வரியை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். படத்தில் நரம்பு அழுத்தப்படும் இடமும் உங்கள் காலில் வலி ஓடும் பாதையும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அது வெறும் படம்.

## எதை வைத்து எடைபோடுவது

பணச்செலவை எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட இந்த ஐந்தும் முக்கியம்:

1. இடுப்பு வலிக்கா, காலுக்கு இறங்கும் வலிக்கா, எதற்கு வேலை செய்கிறது?
2. கிடைக்கும் சுகம் எத்தனை நாள் நிற்கும்?
3. எத்தனை நாள் கூலி போகும்? உங்களுடையது மட்டுமல்ல, கூட இருப்பவருடையதும்.
4. தப்பாகப் போனால் திருத்த முடியுமா?
5. முடிந்த பிறகு நீங்கள் தொடர்ந்து செய்ய வேண்டியது என்ன?

## நடையும் பயிற்சியும்

மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் வீட்டிலேயே செய்வது என்பதாலோ என்னவோ, இதை யாரும் வைத்தியமாகவே மதிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் பரிந்துரைத்தவற்றில் பயிற்சி இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னவற்றில் இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுப்பது, அல்ட்ராசவுண்ட், தோலில் கரண்ட் வைப்பது எல்லாம் இருக்கின்றன. டவுனில் 'பிசியோ' என்ற பெயரில் நடப்பது பல இடங்களில் இந்தக் கரண்டும் இழுவையும்தான். பத்து நாள் படுக்கவைத்துக் கரண்ட் வைத்துவிட்டு ஒரு பயிற்சிகூடக் கற்றுத்தராத இடத்துக்குப் பதினோராம் நாள் போக வேண்டாம்.

பயிற்சி வலியின் வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தவறான திசையில் செய்வதுதான் 'பயிற்சி செய்து கூடிப்போச்சு' என்பதற்கு முதல் காரணம்.

குனிந்தால் கூடும் வகைக்கு: கவிழ்ந்து படுத்து 2 நிமிடம். முழங்கையை ஊன்றி 2 நிமிடம். பிறகு உள்ளங்கையை ஊன்றி மார்பை மட்டும் தூக்க வேண்டும், இடுப்பு பாயிலேயே இருக்க வேண்டும். 10 தடவை, சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இதில் கவனிக்க வேண்டியது வலி நகரும் திசை. கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறினால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் அது நல்ல அறிகுறி; தொடருங்கள். மாறாகக் காலில் கீழே கீழே இறங்கினால் அப்போதே நிறுத்துங்கள்.

நிமிர்ந்தால் கூடும் வகைக்கு இதே பயிற்சி எதிரி. அவர்கள் மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மார்போடு அணைத்து 20 விநாடி, 5 தடவை. நடக்க முடியாத நாளில் சைக்கிள்.

இரு வகைக்கும் பொதுவானது: குழந்தை தவழ்வதுபோல் கைகால் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் சேர்த்து நீட்டி 10 விநாடி, பிறகு மறுபக்கம். பக்கத்துக்கு 6 தடவை, சற்று ஓய்வு, 4 தடவை, ஓய்வு, 2 தடவை. முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிந்தினால் இடுப்பு திரும்புகிறது என்று பொருள், அப்போது கையை விட்டுக் காலை மட்டும் நீட்டினால் போதும்.

கூடவே நடை. வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் வரை படிப்படியாகக் கூட்டுவது. ஆஸ்திரேலியாவில் நடத்தி 2024-ல் வெளியான ஆய்வில், இடுப்பு வலி வந்து சரியானவர்களில் இப்படி நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுமதிப்பாக (மீடியன்) 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள்.

அளவு தெரிவதற்கு ஒரு விதி: இன்று செய்தது மறுநாள் காலை வலியைக் கூட்டியிருந்தால் பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியும் வேலையும் குனியும் பயிற்சியும் கூடாது. இரவில் ஜவ்வு நீர் கோத்து உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அழுத்தம் அதிகம். ஐந்து மணிக்கு எழுந்து வாசல் பெருக்கி, குடம் தூக்கி, ஆறு மணிக்குத் தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்ததே. குடத்தை முந்தின இரவே நிரப்பி இடுப்பு உயரத்தில் வைப்பது, நின்றபடி பெருக்க நீளக் கைப்பிடி வைத்த துடைப்பம், இவை மருந்துக்குச் சமம்.

மறைமுகச் செலவு: கூலி போகாது. ஆனால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், நான்காவது வாரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். வலி குறைந்ததும் விடுகிறவர்கள் இன்னும் அதிகம். டவுனுக்குப் போக முடியாதவர்கள் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கேட்கலாம். அதில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

## எண்ணெய் வைத்தியம்

குமுளியில் பயணிகளுக்காக ஒரு மணி நேரம் செய்வது உடம்புப் பிடிப்பு. அது வைத்தியமல்ல. வைத்தியம் என்றால் பதிவு பெற்ற ஆயுர்வேத மருத்துவர் நாடி, மலச்சிக்கல், சர்க்கரை எல்லாம் கேட்டு 7, 14 அல்லது 21 நாளுக்குத் திட்டம் எழுதுவது. கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலை 1902-ல் தொடங்கிய காலத்திலிருந்து மலையாளக் கரையில் இந்த முறை ஒழுங்காக நடந்துவருகிறது.

இடுப்புக்கு முக்கியமானது கடிவஸ்தி. உளுந்து மாவைப் பிசைந்து இடுப்பின் மேல் வட்டமாக வரப்பு கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான தைலத்தை ஊற்றி அரை மணி நேரம் நிறுத்துவார்கள். ஆறினால் கொஞ்சம் எடுத்துச் சுடவைத்து மறுபடி ஊற்ற வேண்டும். வரப்பு ஒழுகினாலோ எண்ணெய் ஆறியபடி விட்டாலோ அந்த நாள் வீண். இத்துடன் நொச்சி, ஆமணக்கு, எருக்கு இலைகளை வதக்கிக் கட்டிய இலைக்கிழி, மெலிந்தவர்களுக்குப் பாலில் வேகவைத்த ஞவரை அரிசிக் கிழி, சிலருக்கு எனிமாவாகக் கொடுக்கும் வஸ்தி.

இறுகிப்போன தசை இளகும், தூக்கம் வரும், குனிய பயந்தவர் பயமில்லாமல் அசைவார். இது சின்ன விஷயமல்ல. ஆனால் பிதுங்கிய ஜவ்வை எண்ணெய் உள்ளே தள்ளுவதில்லை. பிதுங்கிய பகுதி பல மாதங்களில் பெரும்பாலும் தானாகவே சுருங்கும். அந்தப் பெயர் அப்போது யார் வைத்தியம் செய்தார்களோ அவர்களுக்குப் போய்விடுகிறது.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். 14 நாள் வைத்தியம் என்றால், முறைப்படி அதே அளவு 'நல்லிருக்கை' ஓய்வும் உண்டு. நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்தால் உங்களுக்கு 28 நாள், கூட இருப்பவருக்கு 14 நாள். 42 நாள் கூலி 21,000 ரூபாய். அறை வாடகையும் மருந்தும் இதற்கு வெளியே. ஆடி மாதத்தில், அதாவது மலையாளக் கர்க்கடகத்தில், கூட்டம் அலைமோதும். காய் எடுப்பு தொடங்கும் நேரமும் அதுதான். ஆடிதான் என்று கட்டாயமில்லை. எடுப்பு ஓய்ந்த பங்குனி, சித்திரையில் போனால் கூலி நஷ்டம் பாதியாகும்.

என்ன கெடலாம்? சர்க்கரையால் தோல் மரத்தவருக்குச் சூடு தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும், முன்கூட்டியே சொல்லுங்கள். அரிஷ்டம் என்ற திரவ மருந்துகளில் வெல்லமும் நொதித்து உண்டாகும் ஆல்கஹாலும் உண்டு, சர்க்கரைக்காரர்கள் கஷாய மாத்திரையாகக் கேட்டு வாங்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம்: பெயர்ச்சீட்டு இல்லாத பொடி, மாத்திரை வேண்டாம். இரண்டே நாளில் மாயமாய் வலி பறந்து, ஒரு மாதத்தில் முகம் வீங்கி, சர்க்கரை ஏறினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அப்படியானால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

## தடவல், வர்மம்

குமரி மாவட்டத்தில் ஆசான்மார்களிடமும், மலையாளக் கரையில் களரிக்காரர்களிடமும் உள்ள முறை. தசைப்பிடிப்புக்கு இதம் தரும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்து உழியும் முறை எலும்பு பலமானவர்களுக்கு மட்டும். மாதவிடாய் நின்ற பெண்கள், ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், அறுபது தாண்டியவர்கள் மிதிக்கக் கொடுக்கக் கூடாது, முதுகெலும்பு நொறுங்கலாம். 'சொடக்கு எடுத்து ஜவ்வைப் போட்டுவிடுகிறேன்' என்பவரிடம் போகவே வேண்டாம். உள்மருந்தோடு சேர்த்துப் பார்க்க நினைத்தால் அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தா பிரிவும், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

## மாத்திரையும் ஊசியும்

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை வலி உச்சத்தில் இருக்கும் ஒரு வாரம் பத்து நாளுக்கு. மெடிக்கலில் 'இடுப்பு வலிக்கு ஒரு செட்' என்று வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு. தோட்டத்தில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவருக்குச் சிறுநீரக ஆபத்து இன்னும் அதிகம்.

'ஊசி' என்று சொன்னால் எந்த ஊசி என்று கேளுங்கள். பிட்டத்தில் போடுவது அதே வலி மாத்திரையின் ஊசி வடிவம், ஒரு நாள் தாங்கும். முதுகில் எக்ஸ்ரே பார்த்தபடி நரம்பின் அருகே போடுவது ஸ்டீராய்டு. அது காலுக்கு இறங்கும் வலிக்கு. வெறும் இடுப்பு வலிக்கு அதில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. சில வாரம் முதல் சில மாதம் வரை தாங்கலாம். போட்ட பின் சில நாள் சர்க்கரை ஏறும், இன்சுலின் போடுபவர் அளவை முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் அதைச் சொல்லாமல் போடக் கூடாது. கிடைக்கும் வலியில்லாத வாரங்களில் பயிற்சியைத் தொடங்கினால்தான் ஊசிக்குக் கொடுத்த காசு வீணாகாது.

## ஆபரேஷன்

ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகளைச் சொல்கிறார்கள். பிதுங்கிய ஜவ்வுத் துண்டை மட்டும் எடுப்பது ஒன்று. சுருங்கிய குழாயை அகலப்படுத்துவது இன்னொன்று. பிளேட், ஸ்க்ரூ வைத்து எலும்புகளை இணைப்பது மூன்றாவது. எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜவ்வுத் துண்டை எடுப்பது கால் வலிக்குச் சீக்கிரம் சுகம் தரும். ஆறு வாரம் பொறுத்தும் கால் வலி அடங்காமல் தூக்கம் போனவருக்கு இது நல்ல வழி. ஆனால் ஓரிரு வருடம் கழித்துப் பார்த்தால், ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருப்பதில்லை; வாங்குவது பெரும்பாலும் நேரத்தைத்தான். பாதம் தூக்க வராமல் செருப்பு கழன்று விழுகிறது என்றால் கதை வேறு. அப்போது எண்ணெய்க்கு 21 நாள் ஒதுக்குவது நரம்பைக் கைவிடுவதாகும்.

கால் வலியே இல்லாமல் இடுப்பு மட்டும் வலிக்கிறது, தேய்மானம் என்று ஸ்க்ரூ வைக்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். முறையான தீவிரப் பயிற்சியைவிட அது தெளிவாக மேலானது என்று ஆய்வுகள் காட்டவில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பும் அதிகம்.

மறுநாளே நடக்க வைப்பார்கள். அதைப் பார்த்து மூட்டை தூக்கப் போகக் கூடாது. பாரம் தூக்க 6 முதல் 12 வாரம் ஆகும். சுமைப்பணிக்காரர் வீட்டில் அந்தக் காலச் செலவுக்கு வழி செய்யாமல் ஆபரேஷன் தேதி குறிப்பதுதான் பெரிய தவறு. மூன்றாவது வாரமே சுமைக்குப் போய் ஜவ்வு மறுபடி பிதுங்குகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதலில் அந்தக் குறிப்பிட்ட ஆபரேஷன் அதில் வருகிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்க வேண்டும். கேரளத்துக்குக் 'காருண்யா ஆரோக்ய சுரக்ஷா' என்று தனித் திட்டம். தமிழ்நாட்டு அட்டையோடு எல்லை தாண்டிப் படுக்கையில் சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு ஏற்றது | சுகம் நிற்கும் காலம் | போகும் வேலைநாள் | தப்பாகப் போனால் |
|---|---|---|---|---|
| நடை, பயிற்சி | குனிந்தால், நிமிர்ந்தால் கூடும் இரு வகைக்கும். திசை மட்டும் மாறும் | செய்யும் வரை | இல்லை | அளவைக் குறைத்தால் சரியாகும் |
| எண்ணெய் வைத்தியம் | இறுக்கம், பயம், தூக்கமின்மை | வாரங்கள், சில மாதம் | 14 முதல் 42 வரை | சூட்டுப்புண், கலப்பட மருந்து |
| தடவல், வர்மம் | தசைப்பிடிப்பு | நாட்கள் | ஓரிரு நாள் | எலும்பு முறிவு |
| மாத்திரை | வலியின் உச்சம் | மணிக்கணக்கு | இல்லை | வயிறு, சிறுநீரகம் |
| முதுகில் ஊசி | காலுக்கு இறங்கும் வலி | வாரங்கள், சில மாதம் | 1 முதல் 3 வரை | சர்க்கரை ஏற்றம். அரிதாகத் தொற்று |
| ஜவ்வு ஆபரேஷன் | அடங்காத கால் வலி, பாதம் விழுதல் | பலருக்கு நீண்ட காலம் | 6 முதல் 12 வாரம் | மறுபிதுக்கம். செய்ததை மாற்ற முடியாது |

## சேர்த்துச் செய்வதானால்

அபாய அறிகுறி ஏதும் இல்லாதவர் முதலில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் நடைக்கும் பயிற்சிக்கும் கொடுக்கலாம். உடம்பு இறுகி பயிற்சியே முடியவில்லை என்றால் எண்ணெய் வைத்தியம்; கால் வலி பொறுக்க முடியவில்லை என்றால் ஊசி. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே, மறுபடி பாயில் உங்கள் வகைக்கான பயிற்சியைச் செய்ய வைப்பது. மேலே போகும்போது கீழே எழுதிய மாத்திரைச் சீட்டையும், கீழே போகும்போது மேலே குடித்த கஷாயத்தின் பெயரையும் கொண்டுபோங்கள். எம்ஆர்ஐ படத்தைச் சுருட்டாமல் தட்டையாக வையுங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

இன்னொன்று, போகும் வண்டி. பதினான்கு நாள் எண்ணெயில் இளகிய இடுப்போடு குமுளி மலைப்பாதையில் ஜீப்பின் பின் பெஞ்சில் குறுக்கே உட்கார்ந்து இறங்கினால், லோயர்கேம்ப் வருவதற்குள் பாதி போய்விடும். ஜீப் என்றால் முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பஸ் என்றால் பின் சக்கரத்துக்கு மேலே உட்காராமல் நடுப்பகுதியில், இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்காருங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கம்பியைப் பிடித்து ஐந்து நிமிடம் நில்லுங்கள்.